வாடகை வீட்டுக்கு வண்ணம் பூசுவது யார் செலவு?

(குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டம் ஒன்றில், வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை காலையில இவ்வளவு பேர் வந்திருக்கீங்க. ரொம்ப சந்தோஷம். சங்கச் செயலாளர் போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "சார், வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தைப் பத்தி ஒரு மணி நேரம் பேசணும்" என்றார். முழுச் சட்டத்தையும் ஒரு மணி நேரத்தில் சொன்னால் நீங்க தூங்கிடுவீங்க. அதனால ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டேன். வீட்டைக் காலி பண்ணும்போது வெள்ளையடிக்கிற செலவு, பெயிண்ட் அடிக்கிற செலவு யாருடையது?

சின்னக் கேள்வி மாதிரித் தெரியும். ஆனால் நம்ம ஊர்ல எத்தனையோ நல்ல உறவுகள் முறிஞ்சது இந்த ஒரு கேள்வியில்தான். அஞ்சு வருஷம் அண்ணன் தம்பி மாதிரி மாடியிலும் கீழேயுமா இருந்திருப்பாங்க. பொங்கலுக்குக் கரும்பு, தீபாவளிக்குப் பலகாரம் எல்லாம் கைமாறியிருக்கும். கடைசி நாள் அட்வான்ஸ் கணக்கு பார்க்கும்போது, "பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை கழிச்சிருக்கேன்" என்று ஒரு வார்த்தை வரும். அதோட முடிஞ்சுது. அதுக்கப்புறம் தெருவில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போவாங்க.

இதைப் பேச எனக்கு என்ன தகுதின்னு கேட்கலாம். உத்தியோகத் தகுதி ஒரு பக்கம் இருக்கட்டும். நான் இருபது வருஷத்துக்கு மேல வாடகை வீட்டில் இருந்தவன். இப்போ சொந்த வீட்டில் மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறவன். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன். இரண்டு பக்கமும் தப்பு பண்ணினவன் என்றும் சொல்லலாம். அதையும் சொல்றேன்.

முதலில் வாடகைக்கு இருந்த கதை. சென்னையில் ஒரு போர்ஷனில் நாலு வருஷம் குடியிருந்தோம். நாங்க போனபோதே சுவரெல்லாம் பழசுதான். புதுசா பெயிண்ட் அடிச்சுத் தரலை. என் மகளுக்கு அப்போ மூணு வயசு. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவளை சமையலறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் நிறுத்தி, தலைக்கு மேல பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுவோம். எங்களுக்கு வேற ஊருக்கு மாற்றல் வந்தது. காலி பண்ணினோம். உரிமையாளர் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்கிட்டார். "பெயிண்ட் அடிக்கணும் இல்லையா? எல்லாரும் பிடிக்கிறதுதானே" என்றார். எனக்கும் அது நியாயமாத்தான் பட்டது. எல்லாரும் பிடிக்கிறாங்கதானே?

இரண்டு வருஷம் கழிச்சு, அந்த வீட்டில் எங்களுக்கு அப்புறம் குடிவந்தவங்க வீட்டு விசேஷத்துக்குப் போனோம். பழக்கமான குடும்பம். உள்ளே போனதும் என் மனைவி சமையலறைப் பக்கம் பார்த்துட்டு என் கையைப் பிடிச்சாள். சுவரில் அந்த மூணு கோடும், பக்கத்தில் என் கையெழுத்தில் தேதியும் அப்படியே இருந்தது. என்கிட்ட பிடிச்ச பணத்தில் அந்தச் சுவருக்கு ஒரு சொட்டு பெயிண்ட்கூடப் போகலை. புதுசா வந்தவங்ககிட்ட கேட்டேன். "எங்ககிட்டயும் போகும்போது ஒரு மாசம் பிடிப்பேன்னு அக்ரிமென்ட்லயே எழுதியிருக்கார் சார்" என்றாங்க.

கோபமா வந்தது. ஆனால் கதை இதோட முடியலை. பாக்கியைப் பின்னாடி சொல்றேன்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

பெரியவங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் இது ஒரு பிரச்சினையே இல்லை. பொங்கலுக்கு முன்னாடி கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி, பெரிய பானையில் நீற்றி, வடிகட்டி, கொஞ்சம் நீலம் கலந்து, மட்டையை வைத்து வீட்டுக்காரங்களே அடிச்சுக்குவாங்க. கீழே ஒரு முழத்துக்குக் காவிப் பட்டை. ஒரு நாள் வேலை. செலவு குறைச்சல், உழைப்புதான் அதிகம். வாடகைக்கு இருந்தாலும் பொங்கலுக்கு வீடு பளிச்சுனு இருக்கணும்னு குடியிருக்கிறவங்களே அடிச்சாங்க. உரிமையாளர் சுண்ணாம்பு வாங்கிக் கொடுத்தால் அது பெரிய மனசு.

அப்புறம் டிஸ்டெம்பர் வந்தது, எமல்ஷன் வந்தது. இப்போ பழைய பூச்சைச் சுரண்டி, பட்டி பார்த்து, தேய்ச்சு, பிரைமர் ஒரு கோட், பெயிண்ட் இரண்டு கோட் அடிக்கணும். வீட்டுக்காரங்க தாங்களே செய்யிற வேலை இல்லை இது. ஆள் வெச்சு, நாள் கணக்கில் செய்கிற வேலை. செலவு ஆயிரக்கணக்கில் போச்சு. ஆனால் "குடியிருக்கிறவங்கதானே அடிச்சுக்கணும்" என்கிற பழைய எண்ணம் மட்டும் அப்படியே தங்கிப் போச்சு. அது நாளாவட்டத்தில் "ஒரு மாச வாடகை பிடித்தம்" என்று மாறிட்டுது.

அதனால முதல்ல ஒண்ணு தெளிவா இருக்கட்டும். ஒரு மாச வாடகை பிடிக்கிறது ஒரு வழக்கம். இந்தக் காரியத்துக்கு ஒரு மாச வாடகை பிடிக்கலாம்னு சட்டம் எங்கேயும் சொல்லலை.

சட்டம் என்ன சொல்லுது?

நம்ம மாநிலத்தில் முன்னாடி 1960ஆம் ஆண்டு வந்த கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. அதை நீக்கிட்டு, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் புதுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இது நகர்ப்புறங்களுக்கு உரியது. வீட்டுக்கும் பொருந்தும், கடைக்கும் பொருந்தும்.

இந்தச் சட்டத்தின் பின்பகுதியில் அட்டவணைகள் இருக்கு. இரண்டாவது அட்டவணையைத்தான் நீங்க எல்லாரும் படிக்கணும். பராமரிப்பில் யாருக்கு எந்த வேலைன்னு அது பிரிச்சுக் கொடுக்குது.

உரிமையாளருக்கு உரிய வேலைகள் நாலு:

* கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுதுகள். வாடகைதாரர் ஏற்படுத்திய சேதத்தால் வந்த பழுது இதில் சேராது.
* சுவர்களுக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுவது.
* தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது.
* தேவைப்படும்போது உள்ளும் புறமும் மின்கம்பி வேலை, அது சார்ந்த பராமரிப்பு.

வாடகைதாரருக்கு உரியவை அன்றாடம் கைபடுகிற சில்லறை வேலைகள். குழாய் வாஷர், குழாய் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, கழிப்பறை, வாஷ் பேசின், கீசர் பழுது, சுவிட்ச், பிளக் பாயின்ட் பழுது, சமையலறைச் சாமான் பொருத்திய இடங்களின் பழுது, கதவு, அலமாரிகளின் கைப்பிடி, பூட்டு மாற்றுவது, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி மாற்றுவது, அவர் பயன்படுத்துகிற தோட்டத்தைப் பராமரிப்பது.

கவனிச்சீங்களா? வெள்ளையடிக்கிறதும் பெயிண்ட் அடிக்கிறதும் உரிமையாளர் பட்டியலில் இருக்கு. ஆனால் குழாயில் வாஷர் போச்சுன்னா, "ஓனர்தானே மாத்தணும்"னு வாடகைதாரர் போன் பண்ணக் கூடாது. அது அவர் பட்டியல். நாம பல பேர் இதைத் தலைகீழாப் பண்ணிக்கிட்டிருக்கோம். வாஷருக்கு உரிமையாளரைக் கூப்பிடுறோம், பெயிண்ட்டுக்கு வாடகைதாரரைக் கேட்கிறோம்.

இன்னொரு வாசகமும் முக்கியம். வீட்டை நல்ல நிலையில் வெச்சுக்கணும், "வழக்கமான தேய்மானம் நீங்கலாக" என்று சட்டம் சொல்லுது. அந்த மூணு வார்த்தையில்தான் எல்லாச் சண்டையும் இருக்கு.

எது தேய்மானம்? எது சேதம்?

பின்வரிசையில் ஒரு அம்மா கை தூக்குறாங்க. சொல்லுங்கம்மா. "என் வீட்ல குடியிருந்தவங்க பசங்க சுவர் பூரா கிரயான்ல கிறுக்கி வெச்சுட்டாங்க. அதுக்கும் நான்தான் செலவு பண்ணணுமா?"

நல்ல கேள்விம்மா. அதுக்கு நீங்க செலவு பண்ண வேண்டியதில்லை. ஏன்னு சொல்றேன்.

ஒரு வீட்டில் மனுஷங்க சாதாரணமா, ஒழுங்கா வாழ்ந்தால் தானா வருவது தேய்மானம். வெயிலில் நிறம் மங்குறது. நாற்காலி உரசி லேசாக் கோடு விழறது. சுவிட்ச் போர்டைச் சுத்தி கை பட்டு அழுக்காகிறது. அடுப்புக்கு மேல கொஞ்சம் புகை படியிறது. காலண்டரும் சாமி படமும் மாட்டின இரண்டு மூணு ஆணித் தடம். வீடுன்னா இதெல்லாம் இருக்கும். இதுக்காகத்தான் மாசாமாசம் வாடகை வாங்குறோம்.

கவனக்குறைவால், அளவு மீறினதால், அனுமதி இல்லாமச் செஞ்சதால் வருவது சேதம். சுவர் முழுக்கக் கிரயான் கிறுக்கல். டிவி மாட்ட டிரில் போட்டு காரையே பேர்ந்து வந்தது. பூஜை விளக்கை சுவரோட ஒட்டி வெச்சு கரி பிடிச்சுக் கருத்துப் போனது. அனுமதி கேட்காம ஒரு ரூமுக்கு அடர்த்தியான கலர் அடிச்சது. இதையெல்லாம் சரிபண்ற செலவு வாடகைதாரருடையது.

இரண்டுக்கும் நடுவில் ஒண்ணு இருக்கு. ஓதம். மழைக்காலம் வந்தால் சுவரில் ஈரம் ஊறி, பெயிண்ட் பொரிப்பொரியா உதிரும். "நீங்க ஜன்னலைத் திறக்கறதில்லை, அதான்" என்பார் உரிமையாளர். "மொட்டை மாடி கசியுது" என்பார் வாடகைதாரர். தளத்திலிருந்தோ பக்கத்துக் குளியலறைக் குழாயிலிருந்தோ தண்ணி இறங்கினால் அது கட்டடக் கோளாறு. உரிமையாளர் பொறுப்பு. ஆனால் வாடகைதாரருக்கும் ஒரு கடமை இருக்கு. ஈரம் கண்ணில் பட்ட அன்றைக்கே படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிடணும். ஒரு வருஷம் பேசாம இருந்துட்டு, கடைசி நாள் "மழையில் ஆச்சு" என்றால் யார் நம்புவாங்க?

உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை. கசிவை அடைக்காம மேலே பெயிண்ட் அடிக்காதீங்க. முதல்ல கசிவை அடைச்சு, சுவரை நல்லாக் காயவிட்டு, அப்புறம்தான் பட்டியும் பெயிண்ட்டும். இல்லைன்னா அடுத்த ஐப்பசியில் அத்தனையும் உதிர்ந்து தரையில் கிடக்கும். அந்தப் பணத்தையும் வாடகைதாரர் தலையில் கட்டுறது நியாயம் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பேச்சு வேண்டாம், கணக்குப் போடுவோம். இது உதாரணத்துக்குத்தான். உங்க வீட்டு எண்ணைப் போட்டு நீங்களே பார்த்துக்கலாம்.

மாச வாடகை 12,000 ரூபாய். வீடு முழுக்க பெயிண்ட் அடிக்க 24,000 ரூபாய் ஆகுதுன்னு வைங்க. ஒழுங்கா அடிச்சால் நாலு வருஷம் தாங்கும்னு வைங்க. அப்படின்னா வருஷத்துக்கு 6,000. மாசத்துக்கு 500. வாடகையில் நூற்றுக்கு நாலு ரூபாய் சொச்சம். வாடகை நிர்ணயிக்கும்போதே உரிமையாளர் மனசில் வெச்சுக்க வேண்டிய செலவு இது. வீட்டு வரி மாதிரி, மோட்டார் பழுது மாதிரி.

இப்போ வழக்கத்தைப் பாருங்க. அதே நாலு வருஷத்தில், பதினோரு மாசம், ஒரு வருஷம்னு நாலு குடித்தனம் மாறுதுன்னு வைங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு மாச வாடகை பிடிச்சால் 48,000 ரூபாய். பெயிண்ட் ஒரு தடவைதான் அடிச்சார், 24,000. மீதி 24,000 எதுக்கு? அதுக்கு யாரிடமும் பதில் இல்லை. அட்வான்ஸ் என்பது வாடகைதாரர் நம்பிக் கொடுத்து வெச்ச பணம். அது அவருடைய பணம். நாம அதுக்குக் காவல் மட்டும்தான்.

சேதம் இருந்தால் எப்படிக் கணக்குப் போடுறது? புதுசா பெயிண்ட் அடிச்ச வீட்டில் ஒரு குடும்பம் ஒரு வருஷம் இருந்தாங்க. ஹால் சுவரில் காரை பேர்ந்துடுச்சு. காரை பூச 1,500, அந்த ஒரு சுவருக்கு பெயிண்ட் அடிக்க 4,000 ஆகுது. காரைச் செலவு முழுசும் வாடகைதாரருடையது. பெயிண்ட்டோட ஆயுள் நாலு வருஷத்தில் ஒரு வருஷம் ஏற்கெனவே போயாச்சு. மீதி முக்கால் பங்குக்கு 3,000. ஆக 4,500 ரூபாய். வீடு முழுக்க அடிக்கிற 24,000 இல்லை. அதே சுவர் அஞ்சு வருஷப் பழைய பெயிண்ட்டா இருந்தால்? காரைச் செலவு மட்டும்தான். பெயிண்ட் எப்படியும் அடிக்க வேண்டியதுதானே.

இந்தப் பங்குக் கணக்கு சட்டத்தில் எழுதி வெச்ச சூத்திரம் இல்லை. இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசினால் ஒத்துக்கக்கூடிய நியாயமான வழின்னு நான் சொல்றேன்.

உரிமையாளர் பக்கமும் பார்க்கணும்

இதுவரைக்கும் கேட்டவங்களுக்கு, நான் வாடகைதாரர் கட்சின்னு தோணும். முன்வரிசையில் இரண்டு மூணு வீட்டுக்காரங்க முகம் மாறிப் போச்சு. தெரியுது.

எல்லா உரிமையாளரும் பத்து வீடு வெச்சிருக்கிறவங்க இல்லை. நம்ம தெருவிலேயே, கணவர் போன பிறகு மாடி வாடகையை நம்பித்தான் மாத்திரை மருந்து வாங்குற அம்மாக்கள் இருக்காங்க. வங்கிக் கடன் தவணையை வாடகையில் கட்டுறவங்க இருக்காங்க. காலி பண்ணிப் போகிறவங்க வீட்டைக் குப்பைமேடாப் போட்டுட்டுப் போனால், அடுத்த குடித்தனம் வர இரண்டு மாசம் ஆகும். அந்த இரண்டு மாச வாடகையும் போச்சு, செலவும் ஆச்சு. கடைசி மூணு மாசம் வாடகையே கொடுக்காம "அட்வான்ஸில் கழிச்சுக்குங்க" என்று சொல்லிட்டுப் போகிறவங்களும் உண்டு. அப்புறம் சுவரில் இருக்கிற சேதத்துக்குக் கையில் ஒரு பைசா மிஞ்சாது. இந்தப் பயத்தில்தான் பல பேர் "ஒரு மாசம் பிடித்தம்"னு முன்கூட்டியே எழுதிடறாங்க. பயம் நியாயமானது. வழிதான் சரியில்லை. ஒழுங்கா வெச்சிருந்தவரும் நாசம் பண்ணினவரும் ஒரே தொகை கொடுத்தால், ஒழுங்கா வெச்சிருக்கணும்னு யாருக்குத் தோணும்?

இப்போ என் கதையின் பாக்கி. நாங்க சொந்த வீடு கட்டினோம். மாடியை வாடகைக்கு விட்டோம். முதல் குடித்தனம் மூணு வருஷம் இருந்தாங்க. நல்ல மனுஷங்க. போகும்போது வீட்டைக் கழுவித் துடைச்சுக் கொடுத்தாங்க. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? அட்வான்ஸ் கணக்கில் "பெயிண்டிங், ஒரு மாசம்" என்று எழுதினேன். கை தானா எழுதிச்சு. எல்லாரும் பிடிக்கிறதுதானே!

என் மனைவி அந்தத் தாளைப் பார்த்தாள். சத்தம் போடலை. "அந்தச் சுவரில் நம்ம பொண்ணோட கோடு இன்னும் இருக்கான்னு ஒரு நாள் போய்ப் பார்த்துட்டு வரலாமா?" என்று மட்டும் கேட்டாள். நான் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு முழுத் தொகையையும் கொடுத்தேன். அந்தக் குடும்பம் இன்னைக்கும் எங்க வீட்டு விசேஷத்துக்கு வருது. அதைவிட, அவங்க மூலமாத்தான் எங்களுக்கு அடுத்த குடித்தனமும் அமைஞ்சது.

என்ன செய்யணும்?

சரி, நடைமுறைக்கு வருவோம். குறிச்சு வெச்சுக்குங்க.

ஒண்ணு. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும். வாய்ப்பேச்சு வேண்டாம். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யணும். இதுக்கு அரசின் இணையத்தளம் இருக்கு. பதிவு எண் கிடைக்கும். வீட்டில் கணினி இல்லாதவங்க, இதெல்லாம் தெரிஞ்ச பிள்ளைங்களை உதவிக்கு வெச்சுக்குங்க. ஒப்பந்தமே இல்லாம, பதிவும் இல்லாம நாளைக்கு நியாயம் கேட்டுப் போனால் கையில் பிடிச்சு நிக்க ஒண்ணும் இருக்காது.

இரண்டு. அட்வான்ஸ். வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய, வீட்டுக்கு மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுன்னு சட்டம் சொல்லுது. 12,000 வாடகைன்னா 36,000. பத்து மாசம் என்பது நம்ம ஊர்ப் பழக்கம். "வேறு மாதிரி ஒப்புக்கொண்டால்" என்கிற வார்த்தையைக் கவனிங்க. நீங்க கையெழுத்துப் போட்டால் ஒப்புக்கொண்டதா ஆகிடும். அதனால போடறதுக்கு முன்னாடியே பேசணும்.

மூணு. பெயிண்ட்டுக்குன்னு ஒப்பந்தத்தில் ஒரு பத்தி இருக்கட்டும். நான் என் வீட்டுக்கு எழுதிக்கிட்டதைப் படிக்கிறேன்: "வீட்டின் உட்புறச் சுவர்கள் இன்ன மாதம், இன்ன ஆண்டு வண்ணம் பூசப்பட்டவை. வழக்கமான தேய்மானத்துக்கு எந்தத் தொகையும் கழிக்கப்படாது. வாடகைதாரரால் ஏற்பட்ட சேதம் இருந்தால், அந்தப் பகுதியைச் சரிசெய்யும் செலவு மட்டும், ரசீதின் பேரில், முன்பணத்திலிருந்து கழிக்கப்படும்." நாலு வரி. நாலு வருஷ நிம்மதி. "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை கழிக்கப்படும்" என்று அச்சடிச்ச படிவத்தில் இருந்தால், அந்த வரியை அடிக்கச் சொல்லிக் கேளுங்க. கேட்கிறதில் தப்பில்லை.

நாலு. சாவி வாங்குற அன்றைக்கே இரண்டு பேரும் சேர்ந்து வீட்டைச் சுத்திப் பாருங்க. ஒவ்வொரு அறையிலும் நாலு சுவர், மேல்தளம், கதவுக்குப் பின்பக்கம், ஜன்னலுக்குக் கீழே எல்லாத்தையும் போனில் படம் எடுங்க. அன்றைக்கே வாட்ஸ்அப்பில் ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிடுங்க. தேதியோட அது அங்கேயே இருக்கும். சாமான் இறக்கின பிறகு எடுத்தால் பிரயோஜனம் இல்லை. சுவரே தெரியாது.

அஞ்சு. கலர் மாத்த ஆசைப்பட்டால் அனுமதியை எழுத்தில் வாங்குங்க. ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். காலி பண்ணும்போது பழைய கலருக்கு மாத்தித் தரணுமா, அப்படியே விடலாமா என்பதையும் அதிலேயே பேசிடுங்க. சுவரை இடிக்கிறது, புதுசா எழுப்புறது மாதிரிக் கட்டட மாற்றங்களை உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமச் செய்யவே கூடாது.

ஆறு. காலி பண்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே மறுபடியும் சேர்ந்து பாருங்க. கடைசி நாள் வேண்டாம். அன்றைக்கு லாரி வாசலில் நிக்கும், ஆளாளுக்குக் கோபம் வரும். ஒரு வாரம் இருந்தால் ஆணித் துளையைப் பட்டி வெச்சு அடைக்கலாம், கிறுக்கலைத் துடைச்சுப் பார்க்கலாம். அட்வான்ஸைக் காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள, நியாயமான பிடித்தம் போக, திருப்பிக் கொடுக்கணும்னு சட்டத்தில் இருக்கு. பிடிக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது காட்டுங்க.

ஒத்துவரலைன்னா?

இன்னொருத்தர் கேட்கிறார். "சார், குடியிருக்கும்போதே சுவர் உதிருது. ஓனர் அடிச்சுத் தரமாட்டேங்கிறார். என்ன பண்றது?"

முதல்ல எழுத்தில் கேளுங்க. படத்தோட. பதில் சொல்ல நியாயமான அவகாசம் கொடுங்க. அப்பவும் செய்யலைன்னா, உரிமையாளர் செய்ய வேண்டிய பழுதை வாடகைதாரரே செஞ்சுட்டு வாடகையில் கழிச்சுக்க சட்டம் வழி வெச்சிருக்கு. ஆனால் எந்த ஒரு மாசத்திலும் வாடகையில் பாதிக்கு மேல கழிக்கக் கூடாது. அதே மாதிரி, வாடகைதாரர் செய்ய வேண்டியதை அவர் செய்யலைன்னா, உரிமையாளர் செஞ்சுட்டு அட்வான்ஸில் கழிச்சுக்கலாம். கவனம், இது அழகுக்காக நீங்க விரும்புகிற கலருக்கு இல்லை. செஞ்சே ஆகணும்கிற பழுதுக்கு. ரசீது, படம், முன்னாடி அனுப்பின கடிதம் மூணும் கையில் இருக்கணும்.

அதுவும் தகராறு ஆச்சுன்னா வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் அவர். அதுக்கு மேலே வாடகை நீதிமன்றமும் வாடகைத் தீர்ப்பாயமும் இருக்கு. கோபத்தில் வாடகையை மொத்தமா நிறுத்துறது, தண்ணியை நிறுத்துறது, மின்சாரத்தைத் துண்டிக்கிறது எல்லாம் வேண்டாம். தண்ணி, மின்சாரம் போன்ற அத்தியாவசிய சேவைகளை நிறுத்த உரிமையாளருக்கு அதிகாரம் இல்லை. வாடகையை நிறுத்தினால் வாடகைதாரர் பக்கத்து நியாயமும் அதோட அடிபட்டுப் போகும்.

நான் உத்தியோகத்தில் இருந்தபோது பார்த்தது ஒண்ணு. மனு எடுத்துக்கிட்டு வர்ற இரண்டு பேர்கிட்டயும் கோபம் மட்டும் நிறைய இருக்கும். தாள் ஒண்ணும் இருக்காது. "அவர் சொன்னார்", "நான் சொன்னேன்" என்பாங்க. ஒரே ஒரு படம், ஒரே ஒரு ரசீது இருந்திருந்தால் அந்த வழக்கே வந்திருக்காது.

நேரமாச்சு, முடிச்சுக்கிறேன். வெள்ளையடிக்கிற செலவு யாருடையதுன்னு கேட்டீங்க. வீடு பழசாகிறதுக்கு வீட்டுக்காரர் பொறுப்பு. வீட்டைப் பாழாக்கினதுக்கு குடியிருந்தவர் பொறுப்பு. எது பழசானது, எது பாழானதுன்னு தெரியணும்னா முதல் நாள் எடுத்த படம் வேணும். இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் பண்ணுங்க. உரிமையாளரா இருந்தாலும் சரி, வாடகைதாரரா இருந்தாலும் சரி, உங்க ஒப்பந்தத்தை எடுத்து பெயிண்ட் பத்தி என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை படிச்சுப் பாருங்க. ஒண்ணும் எழுதலைன்னா, மாடிப்படி ஏறிப் போயோ இறங்கிப் போயோ, நல்லா இருக்கிற இந்த நேரத்திலேயே ஒரு வார்த்தை பேசி எழுதி வெச்சுக்குங்க. காப்பி குடிச்சுக்கிட்டே பேசி முடிக்கக்கூடிய விஷயம்தான்.

 தனியா ஏதாவது கேட்கணும்னா, ஒப்பந்தத்தைக் கையில் எடுத்துக்கிட்டு வாங்க.